சுருட்டை முடிக்கு இரவுப் பராமரிப்பு: படுக்கும் முன் தொடங்கி காலை வரை

சுருட்டை முடி உள்ளவர்கள் பெரும்பாலும் பகலில்தான் அதோடு போராடுகிறோம். ஷாம்பு மாற்றுகிறோம், கண்டிஷனர் மாற்றுகிறோம், புதுசாக ஒரு ஜெல் வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, பொறுமையாகக் காயவைத்து, சுருள் சுருளாக வந்து நின்ற முடி திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கம் சப்பை, மறுபக்கம் பம்மென்று நிற்கிறது. பின்கழுத்தில் சிக்கு வேறு. நேரமாகிவிட்டதே என்று சீப்பை எடுத்து ஓர் இழு இழுத்தால் இருந்த சுருளும் போச்சு. அப்புறம் தண்ணீர் தொட்டு இறுக்கிப் பின்னிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இந்தச் சேதம் முழுக்க நடப்பது தூங்கும் ஏழெட்டு மணி நேரத்தில். அதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. படுக்கும் முன் ஐந்து நிமிடம், வழவழப்பான துணி ஒன்று, காலையில் கொஞ்சம் பொறுமை. இது மூன்றும் இருந்தால் ஒரு முறை குளித்த தலையை மூன்று, நான்கு நாள்கூட நன்றாக வைத்திருக்கலாம்.

தூக்கத்தில் முடிக்கு என்ன ஆகிறது

முடியிழையின் வெளிப்புறத்தில், கூரை ஓடுகளை அடுக்கியது போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அவை படிந்திருக்கும் வரை முடி பளபளப்பாக இருக்கும், பக்கத்து இழையோடு மாட்டாது. அவை தூக்கிக்கொண்டால் முடி சொரசொரப்பாகும், சிக்கும் விழும். தலையின் தோலில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் சுலபமாக நுனி வரை இறங்கிவிடுகிறது. சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவையும் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டியிருப்பதால் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் நம் முடி வேரில் பிசுக்காகவும் நுனியில் வறண்டும் இருக்கிறது. வளைவு உள்ள இடங்கள் இழையின் பலவீனமான இடங்களும்கூட.

இப்படிப்பட்ட முடியைப் பருத்தித் தலையணை உறை மேல் வைத்து ராத்திரி முழுக்கப் புரள்கிறோம். பருத்தி ஈரத்தை உறிஞ்சும் துணி. துண்டுக்கு அது நல்ல குணம், தலையணைக்கு அப்படி இல்லை. முடியில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் காலையில் தடவிய கண்டிஷனரையும் அது இழுத்துக்கொள்கிறது. நெசவும் சொரசொரப்பு என்பதால் ஒவ்வொரு புரளலிலும் செதில்கள் உரசுகின்றன. போதாததற்குத் தலையின் பாரம் முழுவதும் ஒரே பக்கச் சுருள்களை நசுக்குகிறது. உரசல், வறட்சி, அழுத்தம் என்ற இந்த மூன்றையும் குறைப்பதுதான் இரவுப் பராமரிப்பு. கடையில் எதை வாங்கினாலும் இந்த மூன்றில் எதற்கு அது உதவும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

முதல் வேலை: முடி காய்ந்திருக்க வேண்டும்

ஈரத் தலையோடு படுக்காதீர்கள். நம் வீடுகளில் சளி பிடிக்கும் என்று சொல்லித் தடுப்பார்கள். சுருட்டை முடிக்கு அதைவிட நேரடியான காரணங்கள் உண்டு. முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் முக்கியமானவை. தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவம் நிலைத்துவிடும். தலையணையில் நசுங்கியபடி காய்ந்தால் அந்த நசுங்கல்தான் மறுநாள் உங்கள் சுருள். இது ஒன்று. ஈர முடி அதிகமாக இழுபடும், சுலபமாக அறுந்தும் போகும். ராத்திரி முழுக்கத் தலை ஈரமாகவும் கதகதப்பாகவும் இருந்தால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கும் கொண்டாட்டம்.

அடர்த்தியான சுருட்டை முடி மின்விசிறிக் காற்றில் காய மணிக்கணக்காகும். அதனால் மாலையில் குளிப்பவர்கள் ஆறு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பின்கழுத்துப் பக்கம் விரலை உள்ளே விட்டு வேரைத் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் ஈரம் கடைசி வரை நிற்கும். வேறு வழியே இல்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைக்குக் குளித்தீர்களா? பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றியெடுத்து, ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து வேர்ப்பகுதியையாவது காயவைத்துவிட்டுப் படுங்கள். டர்க்கித் துண்டால் பரபரவென்று தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எண்ணெய் வைப்பதா, வேண்டாமா

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது என்பது பாட்டி சொல் மட்டும் இல்லை. 2003-ல் மும்பையில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய்தான் குறைத்தது. அதில் உள்ள லாரிக் அமிலம் சிறிய மூலக்கூறு என்பதால் இழைக்குள்ளேயே புகுந்துவிடும்.

ஆனால் அந்தப் பலன் குளிக்கும் முன் வைக்கும் எண்ணெய்க்குத்தான் பெரிதாகக் கிடைக்கும். ஆகவே நாளை காலை தலைக்குக் குளிக்கப்போகிறீர்கள் என்றால் இன்று ராத்திரி தாராளமாக எண்ணெய் வையுங்கள். தலையிலிருந்து வழியும் அளவுக்கு வேண்டாம், கையில் தேய்த்து நீளத்துக்கும் நுனிக்கும் தடவினால் போதும். அந்த ராத்திரிக்கென்று பழைய உறை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் போகாது.

நாளை குளிக்கும் நாள் இல்லையென்றால் எண்ணெயைத் தொடவே தேவையில்லை. நுனி ரொம்ப வறண்டிருந்தால் முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பட்டாணி அளவு லீவ்-இன் கண்டிஷனரை, அதாவது அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் கண்டிஷனரை, நுனியில் மட்டும் தடவிக் கொஞ்ச நேரம் காயவிடுங்கள். வறண்ட முடிமேல் எண்ணெயை மட்டும் தடவினால் பளபளப்பு வரும், ஈரப்பதம் வராது. பொடுகு உள்ளவர்கள் வேரில் எண்ணெய் வைத்துத் தூங்க வேண்டாம். பொடுகுப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

சிக்கு இருந்தால்

படுக்கும் முன் சீப்பு போடும் பழக்கத்தைக் காய்ந்த சுருட்டை முடிக்குக் கொண்டுவராதீர்கள். விரலே போதும். காதுக்குப் பின்னால், பின்கழுத்தில், துப்பட்டாவோ பையின் வாரோ உரசிய இடத்தில் முடிச்சு விழுந்திருக்கும். முடிச்சுக்கு மேலே ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பிரியுங்கள். வராவிட்டால் ஒரு சொட்டு கண்டிஷனர் வைத்துக் காத்திருங்கள். இன்று விட்ட சிறு முடிச்சு நாளை காலை பெரிய முடிச்சாகத்தான் இருக்கும்.

முடியைச் சேர்த்து வைக்கும் விதம்

எல்லா நீளத்துக்கும் ஒரே முறை ஒத்துவராது.

தோள்பட்டை தாண்டிய முடிக்கு உச்சியில் தளர்வாகக் கட்டுவதுதான் எனக்குத் தெரிந்து சிறந்தது. சுருட்டை முடிக்காரர்கள் இதைப் பைனாப்பிள் என்பார்கள், அவிழ்க்கும் முன் கண்ணாடியில் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். செய்யும் விதம்: தலையை முன்னால் கவிழ்த்துக்கொள்ளுங்கள். முடி தானாகவே முன்பக்கம் விழும். சீப்பு, பிரஷ் எதுவும் வேண்டாம். இரண்டு கையாலும் உச்சியில், நெற்றிக்குச் சற்று மேலே சேர்த்துப் பிடியுங்கள். மெல்லிய ரப்பர் பேண்டு கூடாது. சாட்டின் துணி சுற்றிய ஸ்க்ரன்ச்சியை ஒரே ஒரு சுற்று, நழுவினால் ஒன்றரைச் சுற்று. கட்டிய பிறகு வேர்ப்பகுதியை விரலால் கொஞ்சம் தூக்கித் தளர்த்துங்கள். புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால் கட்டு இறுக்கம். இப்படிக் கட்டினால் சுருள்கள் தலைக்கு மேலே இருக்கும், பக்கவாட்டில் படுத்தாலும் நீங்கள் அவற்றின்மேல் படுக்க மாட்டீர்கள்.

இடுப்பு வரை முடி வளர்த்தவர்களுக்கு இது கஷ்டம். பாரம் முழுக்க உச்சியில் தொங்கித் தலை வலிக்கும். அவர்கள் முடியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் இரண்டு புரியாக்கிக் கயிறு திரிப்பது போலத் தளர்வாக முறுக்கிக்கொள்ளலாம். மூன்று கால் பின்னலும் போடலாம்தான், சிக்கு விழாமல் காப்பதில் அதுவும் குறைந்தது இல்லை. ஆனால் பின்னல் சுருளை நெளியாக மாற்றிவிடும். காலையில் சுருளே வேண்டும் என்பவர்கள் முறுக்குங்கள், எப்படியும் நாளை பின்னத்தான் போகிறேன் என்பவர்கள் பின்னுங்கள். எதுவானாலும் காதுக்குக் கீழே இருந்து தொடங்குங்கள். மேலேயே தொடங்கினால் வேர்ப்பகுதி அமுங்கி, சப்பையாகிவிடும்.

உச்சிக்கு எட்டாத, தாடை அளவு முடி உள்ளவர்கள் நான்கைந்து சின்னக் கொத்தாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குட்டி ஸ்க்ரன்ச்சியால் உச்சியை நோக்கித் தூக்கிக் கட்டலாம். அதற்கும் சின்னதாக வெட்டியிருப்பவர்கள், ஆண்களும் இதில் சேர்த்தி, எதையும் கட்ட வேண்டாம். வழவழப்பான உறை ஒன்றே போதும்.

துணி: உறையா, குல்லாவா

தலையில் மாட்டும் சாட்டின் குல்லா, அதாவது போனட், நமக்கு இணையம் வழியாக வந்தது. ஆனால் அதன் பின்னால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைமுறை தலைமுறையான அனுபவம் இருக்கிறது. 1786-ல், இன்று அமெரிக்காவில் இருக்கும் லூசியானாவை ஸ்பெயின் ஆண்ட காலத்தில், ஆளுநர் எஸ்தெபான் மிரோ போட்ட ஆணைப்படி, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தங்கள் கூந்தலைத் துணியால் மூடியே ஆக வேண்டியிருந்தது. அவர்களைத் தாழ்த்தவென்று வந்த அந்தத் துணியை அவர்கள் வண்ணமும் மடிப்புமாகக் கட்டி அழகாக்கிக் காட்டினார்கள். சுருண்ட முடியைக் குறையாகப் பார்த்த ஓர் உலகத்தில் அதைக் காப்பாற்றும் அறிவை வளர்த்தவர்கள் கறுப்பினப் பெண்கள். பரட்டைத்தலை என்று கேட்டே வளர்ந்த நமக்கும் அது இன்று உதவுகிறது. அந்த நன்றியோடுதான் நான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இப்போது துணிக்கு வருவோம். பட்டு என்பது நூலின் பெயர், சாட்டின் என்பது நெசவின் பெயர். கடையில் சாட்டின் என்று கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில் நெய்தது. முடிக்கு இரண்டுமே வழுக்கும், இரண்டுமே பருத்தி அளவுக்கு ஈரத்தை இழுக்காது. பட்டு காற்றோட்டமாக இருக்கும், விலை அதிகம், துவைப்பதில் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் சாட்டின் மலிவு, கோடையில் வியர்க்கும். பட்டு என்று சொல்லி பாலியெஸ்டரை விற்பவர்கள் உண்டு என்பதால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் துணியில் சந்தேகம் என்றால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பற்ற வைத்துப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பட்டும் முடியைப் போலப் புரதம்தானே. பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

பீரோவில் கிழிந்த பட்டுப்புடவை இருந்தால் பணமே செலவழிக்க வேண்டாம். சாஃப்ட் சில்க் ரகம் என்றால் இன்னும் நல்லது. சரிகையும் புட்டாவும் இல்லாத உடல் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். சரிகை முடியை அறுக்கும்.

குல்லா மாட்டினால் முடி ஒரே இடத்தில் நிற்கும், நீங்கள் தலையணையை விட்டுப் புரண்டாலும் காப்பு கூடவே வரும். அதனால் பாதுகாப்பில் குல்லாதான் முதலிடம். ஆனால் சென்னையில் மே மாதம், கரண்ட் போன ராத்திரியில் தலையில் குல்லாவோடு தூங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியர்வையில் தலை நனைந்தால் ஈரத் தலையோடு படுத்த கதைதான். கோடையில் தலையணை உறையும் பைனாப்பிளும் போதும். ஏசி அறையில் தூங்குபவர்களும் மார்கழிக் குளிரில் இருப்பவர்களும் குல்லா மாட்டுங்கள். ஏசி காற்று அறையின் ஈரப்பதத்தைக் குறைத்துவிடும் என்பதால் அங்கே முடி வறள்வது கூடுதல்.

குல்லாவைத் தைத்துக்கொள்வது

கடையில் வாங்கும் குல்லாக்களின் எலாஸ்டிக் பலருக்கு நெற்றியில் பதிந்துவிடுகிறது. அளவெடுத்துத் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை. 44 அங்குல அகலச் சாட்டின் முக்கால் மீட்டர் போதும். 24 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். ஓரத்தை ஓர் அங்குலம் உள்ளே மடித்து, எலாஸ்டிக் நுழைய இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுற்றிலும் தையுங்கள். நெற்றியையும் பின்தலையையும் சுற்றி அளவெடுத்து, அதில் 2 அங்குலம் குறைத்து எலாஸ்டிக் வெட்டுங்கள். ஊக்கில் மாட்டி உள்ளே ஓட்டி, இரு முனையையும் தைத்து, இடைவெளியை மூடிவிட்டால் முடிந்தது. வழவழப்பான பக்கம் முடியைத் தொடுமாறு உள்ளே இருக்கட்டும். மாட்டிக் கழற்றிய பிறகு நெற்றியில் கோடு தெரிந்தால் எலாஸ்டிக்கை அரை அங்குலம் தளர்த்துங்கள். மிச்சத் துணியில் 4 அங்குல அகலப் பட்டைகள் வெட்டினால் ஸ்க்ரன்ச்சிக்கு ஆகும்.

முடி இடுப்பு வரை உள்ளவர்களுக்கு இந்த வட்டம் போதாது. அவர்கள் ஒரு பக்கம் மூடிய நீளப் பையாகத் தைத்து, வாய்ப்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். முறுக்கிய முடி அதற்குள் தொங்கும்.

தலையணை உறை என்றால் 17-க்கு 27 அங்குலத் தலையணைக்கு ஒரு மீட்டர் துணி எடுத்தால் போதும். தையற்கடையில் கொடுத்தாலே தைத்துவிடுவார்கள்.

காலையில்

இரவு செய்ததைக் காலையில் இரண்டே நிமிடத்தில் கெடுத்துவிட முடியும். எனவே மெதுவாக.

ஸ்க்ரன்ச்சியை இழுக்காமல் விரித்துக் கழற்றுங்கள். முடி உச்சியில் குவிந்து வினோதமாக நிற்கும். கை வைக்காமல் விட்டுவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, குளித்துவிட்டு வாருங்கள். தலையை நனைக்காமல் குளித்தாலும் குளியலறையின் ஆவி பட்டுச் சுருள்கள் தாமாகவே இறங்கி அமரும். பிறகு தலையைக் கவிழ்த்து, விரல் நுனிகளை வேரில் வைத்து லேசாக அசைத்து உதறுங்கள். நுனிப் பக்கம் விரலை ஓட்ட வேண்டாம்.

இப்போது கண்ணாடியைப் பாருங்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது நெற்றியோரம், பின்கழுத்து, படுத்த பக்கத்தின் மேலடுக்கு ஆகிய மூன்று இடங்கள்தான். அவற்றுக்கு மட்டும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடியுங்கள். தலை முழுக்க நனைத்தால் முதல் நாள் வேலையை மறுபடி தொடங்க வேண்டும். முன்னே சொன்ன ஹைட்ரஜன் பிணைப்பு இங்கே நமக்கு உதவுகிறது: நனைந்த கொத்தை ஆள்காட்டி விரலில் சுற்றி, சில வினாடி பிடித்து, உருவாமல் விரலை மட்டும் வெளியே எடுங்கள். காயும்போது அந்தச் சுருள் நின்றுவிடும். காயும் வரை தொடக் கூடாது, இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான பகுதி. ஸ்ப்ரே பாட்டிலுக்குப் போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் தினமும் பட்டால் முடி மொரமொரவென்று ஆகிவிடும்.

பிடிமானம் வேண்டுமென்றால் ஆளிவிதை ஜெல் மலிவாக வீட்டிலேயே ஆகும். கால் கப் விதையை இரண்டு கப் தண்ணீரில் கிளறியபடி கொதிக்கவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துச் சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறவிட்டால் வடிகட்டியில் இறங்கவே இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம், வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாள் இப்படி ஓட்டலாம் என்றால் அதைத் தலைத்தோல்தான் சொல்லும். அரிப்போ பிசுக்கோ வாடையோ வந்தால் சுருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் குளித்துவிடுங்கள். புழுக்கமான கடற்கரை ஊரில் இரண்டு மூன்று நாள், வறண்ட ஊரில் அதைவிடக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு

பள்ளிக்கூடத்து இரட்டைப் பின்னலை மாலையிலேயே அவிழ்த்துவிடுங்கள். பகல் முழுக்க இறுகிய வேர் ராத்திரியும் இறுகியே இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குக் குல்லாவும் தலையில் கட்டும் துணியும் வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் முகத்தில் இறங்கினால் ஆபத்து. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாட்டின் உறை போட்டுக் கொடுங்கள், அதுவே போதும். காலையில் சிக்கெடுக்கும்போது அழும் பிள்ளைக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. அவள் காதுபட அவள் முடியைத் திட்டாமல் இருப்பதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

சில சந்தேகங்கள்

குளிக்கும் நாளில் கையோடு ஒரு பந்து முடி வருகிறதே என்று பயப்படுபவர்கள் நிறைய. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. தினமும் சீவாத சுருட்டை முடியில் உதிர்ந்தவை கீழே விழாமல் மற்ற சுருள்களுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். நான்கு நாளைக்கு ஒரு முறை சிக்கெடுத்தால் நான்கு நாள் கணக்கும் ஒன்றாக வரும். ஆனால் நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்துகொண்டே போனால் அது வேறு. இறுக்கமான கட்டும் எலாஸ்டிக்கும் தொடர்ந்து இழுப்பதால் வரும் உதிர்வு அது. ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்ப வளரும், வருடக்கணக்கில் விட்டால் வேரே போய்விடும். கட்டைத் தளர்த்தியும் நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

உறையையும் குல்லாவையும் வாரம் ஒரு முறை துவையுங்கள். வியர்வையும் ஜெல்லும் படிந்த துணியில் முகத்தை வைத்துத் தூங்கினால் பரு வரலாம். பட்டென்றால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கரைத்து அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். கைவசம் இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது ஆகும்.

ரயில் பயணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் உறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்கள் ஒரு மீட்டர் சதுரச் சாட்டின் துணி ஒன்றைக் கைப்பையில் மடித்து வையுங்கள். பெர்த்தில் கொடுக்கும் தலையணைமேல் விரித்து, நான்கு முனையையும் அடியில் செருகிவிட்டால் நழுவாது. ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்தே தூங்க வேண்டிய ராத்திரியில் அதே துணியை முக்கோணமாக மடித்துத் தலையில் சுற்றி, முடிச்சைப் பின்கழுத்தில் போடாமல் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்தால் குத்தாது.